மழைக்கு ஒரு வண்டி

விடிந்ததும் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. ஷெட்டில் மாமா வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து நேராக அங்கேதான் வருவார். கைலியை மடித்துக் கட்டி, ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, சக்கரங்களுக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் தண்ணீரை அடிப்பார். மரக்காணத்தில் பாதி உப்பு வியாபாரம் ஒரு காலத்தில் என் மாமனார் தாஜுதீன் பாய் கையில் இருந்தது. உப்பளத்திலிருந்து வரும் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முட்டி மடங்காத மனிதர், தன் மூத்த மகனின் வண்டிக்காகக் குனிவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கழுவிய தண்ணீர் மாமியின் மல்லிகைப் பாத்தி வழியாக வழிந்து போகும். பாத்தியில் குச்சிகள்தான் மிச்சமிருந்தன. அன்று காலையும் அவற்றைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

எலுமிச்சை மஞ்சளில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். என் கணவர் ஃபாரிஸ் ஷார்ஜாவில் உழைத்த வருஷங்களெல்லாம் கடைசியில் அந்த வண்டியாக ஊருக்கு வந்தன. பெங்களூரில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. ஊரில் அதை மஞ்ச வண்டி என்பார்கள். வெயில் காலம் முழுக்க அதில்தான் அவர் புதுச்சேரியில் இருந்த தன் கடைக்குப் போய் வருவார். ஐப்பசி பிறந்ததும் ஷெட்டில் ஏற்றி, துணி போர்த்தி, பைக்கை எடுத்துக்கொள்வார். மழையும் உப்பும் சேர்ந்தால் வண்டி என்னத்துக்கு ஆகும் என்பார்.

போன கார்த்திகையில், மழையில், அனுமந்தைக்குப் பக்கத்தில் லாரிக்கு அடியில் போனது அந்த பைக், அவரோடு. மஞ்ச வண்டி ஷெட்டில் காய்ந்து கிடந்தது.

அவருக்கு நாற்பதாம் நாள் ஓதி முடிந்த மறுநாள் சாவியை ஆணியிலிருந்து எடுத்தவன் என் கொழுந்தன் நிஷாத். யாரையும் கேட்கவில்லை. கடை அவன் கைக்கு வந்தது போல வண்டியும் வந்தது. அவன் உயரம். சீட்டைப் பின்னால் தள்ளிவிடுவான். வண்டி வீட்டில் நிற்கும்போது நான் போய் அதை ஃபாரிஸ் உட்காரும் இடத்துக்கு இழுத்து வைப்பேன். மறுநாள் அவன் திரும்பவும் தள்ளுவான். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேசியது போன வெள்ளிக்கிழமைதான். "மழை வந்துடுச்சு. வண்டிய நிறுத்து" என்றேன். "அப்ப நான் எதுல போவட்டும் அண்ணி? பைக்லயா?" என்றான். மாமி கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

மாமா தீர்ப்பு சொன்னார். மழைக்கென்று ஒரு வண்டி வாங்க வேண்டும். நானும் நிஷாத்தும் சேர்ந்து பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஜும்ஆவுக்குள் ஒத்துக்கொள்ளாவிட்டால் மஞ்ச வண்டியை விற்றுவிடுவார்.

அந்த வாரம் முழுக்க அவன் காட்டியதை நான் தள்ளினேன், நான் காட்டியதை அவன் தள்ளினான். வியாழக்கிழமை வந்துவிட்டது.

"மாமா, குயிலாப்பாளையத்துல ரெண்டு வண்டி இருக்குதாம். பாக்கப் போறோம்" என்றேன்.

அவர் குழாயை நிறுத்தவில்லை. "பாருங்க. வெறுங்கையா வந்தீங்கன்னா நாளைக்கு மஞ்ச வண்டிய வாங்க மெட்ராஸ்லேர்ந்து ஆளு வர்றாரு. எனக்கு இந்த வீட்ல சண்ட சத்தம் கேக்கக் கூடாது."

---

மஞ்ச வண்டியில் இரண்டு சீட். கொழுந்தனோடு தனியாக நான் ஏற முடியாது. மாமி அதில் ஏறவே மாட்டார். ஆகவே நானும் மாமியும் பஸ்ஸில் போனோம். அவன் மட்டும் காரில் வந்தான்.

தூறல் பிடித்திருந்தது. அளங்களில் வேலை முடிந்து, உப்புக் குவியல்கள் ஓலைக்கு அடியில் கிடந்தன. மாமி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே பேசினார்.

"உனக்கு அந்த வண்டிதான் பெருசு."

"அவரு வெச்சிட்டுப் போன பொருள் மாமி."

"கடையும் அவன் வெச்சிட்டுப் போனதுதான். அதப் பத்தி ஒரு நாளும் நீ கேக்கல. நிஷாத் சாப்புட்டானான்னு கேக்கல. வண்டி நனையுதுன்னு மட்டும் கேக்குற."

"நிஷாத் பைக்ல போவக் கூடாதுன்னுதானே இன்னொரு வண்டி பாக்க வர்றேன்?"

"நீ வர்றது அதுக்காவ இல்ல. எனக்குத் தெரியும்."

பதில் சொல்வதற்குள் பின்னால் ஹாரன் கேட்டது. மஞ்ச வண்டி எங்கள் பஸ்ஸை ஒட்டி முந்திக்கொண்டு போனது. ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீரை வேண்டுமென்றே பிளந்துகொண்டு போனான். சேறு எழும்பி ஜன்னலில் அடித்தது. மாமி கண்ணாடியை இழுத்துச் சாத்தி, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகனைத் திட்டவில்லை.

---

குயிலாப்பாளையத்தில் சகாதேவன் என்பவர் கெஸ்ட் ஹவுஸ் நடத்தினார். தங்கிப் போகிற வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் வண்டிகளை வாங்கி நிறுத்திக் கைமாற்றுவதும் அவர்தான். நாங்கள் ஆட்டோவில் போய் இறங்கியபோது மஞ்ச வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இன்னா பாய், இத்த வெச்சிக்கினு எங்கிட்ட வண்டி கேக்குறீங்க. பிரியாணிய மூடி வெச்சிட்டு கூழுக்கு வந்த மாரி இருக்குது."

"கூழா இருந்தாலும் காரமா இருக்கணும்ங்க" என்றான் நிஷாத். "ஓட்டுனா ஒரு கிக் வேணும். தூங்குமூஞ்சி வண்டியெல்லாம் எங்க அண்ணி ஏற்கெனவே காட்டிட்டாங்க."

"எங்களுக்கு மழையில தாங்குற வண்டி போதும்" என்றேன். "விலையும் கைக்கு அடக்கமா இருக்கணும்."

சகாதேவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே வீட்டுக்குத்தானே?" என்று மாமியைக் கேட்டார்.

முதலில் காட்டியது கறுப்பு ஜீப். படுதாக் கூரை. நிஷாத் ஏறி உட்கார்ந்தவன் இறங்க மனமில்லாமல் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். "இது வண்டி" என்றான்.

நான் பக்கத்து சீட்டில் ஏறிப் பார்த்தேன். படுதாவின் தையல் வழியாகத் தூறல் சொட்டி என் முழங்காலை நனைத்தது. கதவு என்று இருந்தது பாதிக் கதவு.

"ஈ.சி.ஆர்ல எதிர்ல ஒரு பஸ் வந்தா அது அடிக்கிற தண்ணி மொத்தம் உள்ளதான் வரும்" என்றேன்.

"நனைஞ்சா செத்துடுவாங்களா?" என்றான்.

சகாதேவனுக்கு எங்கள் கதை தெரியாது. ஆனாலும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. நிஷாத் ஜீப்பிலிருந்து இறங்கி முந்திரி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற ஒண்ணு இருக்குதே" என்றார் சகாதேவன் மெதுவாக. "சின்ன கார். பழசுதான். ஆனா வெயிட்டே கெடையாது. ஒரு பிரெஞ்சுக்காரம்மா வெச்சிருந்தாங்க. மலைக்கெல்லாம் ஓட்டிட்டுப் போவாங்க."

தக்காளி நிறம். நான்கு சக்கரத்திலும் செம்மண். முன் பம்பரில் ஒரு கீறல். கதவைச் சாத்தினால் நன்றாகச் சாத்திக்கொண்டது.

"டியூஷன் டீச்சர் வண்டி" என்றான் நிஷாத்.

நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

"அண்ணி, நீங்களா?"

"ஆமா."

"ஓட்டத் தெரியுமா?"

"உங்க அண்ணன் சொல்லிக் குடுத்தாரு. லைசென்ஸும் எடுத்துக் குடுத்தாரு."

"எதுல சொல்லிக் குடுத்தான்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து வாங்கிய பேச்செல்லாம் எனக்குள் இருந்தது. "மஞ்ச வண்டியில. அளத்து ரோட்டுல" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "எனக்கு ஒரு தடவ கூட சாவி குடுத்ததில்ல அண்ணி. கடைக்குக் கூட்டிட்டுப் போவான். பக்கத்து சீட்டு. டேஷ்போர்ட்ல கை வெக்காதடான்னுவான். கூடப் பொறந்தவன் நான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பாரு."

"கேட்டேன்."

மாமி பின் சீட்டில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். "ரெண்டு பேரும் ஏறுங்க. மழ வலுக்குது."

---

ஊருக்குப் பின்னால் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதை. ஒரு வருஷமாக நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கிளட்சை விட்டதும் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. பிறகு நேரானது. மஞ்ச வண்டியில் தரையை ஒட்டிப் போகிற ஒரு கர்வம் உண்டு. இதில் அது இல்லை. கை காட்டிய பக்கம் உடனே திரும்பியது. அவ்வளவுதான், அதுவே நன்றாக இருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறினோம். மாமி ஓதிக்கொண்டே வந்தார்.

"போதும். குடுங்க" என்றான் நிஷாத்.

இடம் மாறினோம். அவன் இரண்டாவது கியரில் இன்ஜினைக் கத்தவிட்டான். பாதை வளைகிற இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். வண்டியின் பின்பக்கம் சேற்றில் வழுக்கி, ஒரு அரைவட்டம் போட்டு, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"டேய்" என்றார் மாமி.

அவன் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு ஃபாரிஸின் சிரிப்பு. முதலில் மூக்கில் ஒரு சத்தம், பிறகுதான் வாய். அது எனக்கும் மாமிக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கண்ணாடியில் மாமியின் கண்கள் என்னைப் பார்த்தன. நான் சிரிப்பதை நிறுத்தினேன். அவனும் நிறுத்தினான், திருடி மாட்டியவன் போல.

"சரி. இதையே வாங்கிக்கலாம்" என்றான் முன் கண்ணாடியைப் பார்த்தபடி.

"அப்ப மஞ்ச வண்டி தை மாசம் வரைக்கும் ஷெட்டுல நிக்கும்" என்றேன். "மாமா கிட்ட ஒத்துக்கிட்டது."

"நிறுத்திக்கோங்க."

இவ்வளவு சுலபமாக அவன் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் அவனையே பார்த்தேன்.

"நிறுத்தி என்ன பண்ணப் போறீங்க? அதோட அடியில பாத்திருக்கீங்களா?"

கெஸ்ட் ஹவுஸுக்குத் திரும்பியதும் நான் சேற்றில் மண்டியிட்டு மஞ்ச வண்டிக்கு அடியில் செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். மேலே பளபளவென்று இருக்கிற வண்டி. அடியில் கை வைத்ததும் துரு பொரிந்த அப்பளம் போல உதிர்ந்தது. கதவுக்குக் கீழே ஓடுகிற விளிம்பில் என் விரல் ஓட்டைக்குள் போனது.

எழுந்து துருப் படிந்த விரலை அவனிடம் நீட்டினேன். "மழையில ஓட்டி ஓட்டித் தின்னுட்டியே. அவரு மேல இருக்குற கோவத்த இது மேல காட்டினியா?"

"மழத் தண்ணி நல்ல தண்ணி அண்ணி" என்றான். அவன் குரல் உயரவில்லை. "மழையில நனைஞ்சு இவ்வளவு சீக்கிரம் எந்த வண்டியும் இப்படி ஆவாது."

"அப்ப எப்படி ஆச்சு?"

அவன் மாமியைப் பார்த்தான். மாமி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "பேரம் பேசி முடிச்சிட்டு வாங்க. அஸர் தொழுகைக்குள்ள வீடு போவணும்" என்றார்.

---

சகாதேவன் விலையில் ஒரு சுற்று இறங்கி வந்தார். சாவி கைக்கு வந்தது. தக்காளி வண்டியை நான் ஓட்டினேன், மாமி பக்கத்தில். நிஷாத் மஞ்ச வண்டியில் முன்னால் போய்விட்டான்.

காலாப்பட்டைத் தாண்டினோம். அனுமந்தை நெருங்கும்போது என் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரிலிருந்து விலகியது. அந்த இடத்தில் ரோட்டோரம் ஒரு புளியமரத்தில் லாரி உரசிய தழும்பு இன்னும் இருக்கிறது.

"நிறுத்தாத" என்றார் மாமி. "போ."

போனேன். வைப்பர் நன்றாக வேலை செய்தது. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. போன கார்த்திகையில் இப்படி ஒரு வண்டி வீட்டில் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு வந்தது. மாமிக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். இருக்கையைக் கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. மாமா வாசலுக்கு வந்து தக்காளி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பானெட்டில் தட்டினார். "ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். "சம்மதம் அத்தா" என்றான் நிஷாத்.

"அல்ஹம்துலில்லாஹ்." அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. மெட்ராஸ் ஆளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னார். "நாளையிலேர்ந்து மஞ்ச வண்டி ரெஸ்ட் எடுக்கட்டும். போர்த்துறதுக்கு முன்னாடி நல்லா ஒரு தடவ கழுவிடறேன். ரோட்டு உப்பு ஒட்டியிருக்கும்."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். குழாயைத் திருகினார்.

நான் பின்னாலேயே போனேன். காலையில் பார்த்துவிட்டு விட்டதெல்லாம் இப்போது கண்ணில் பட்டது. ஷெட்டுக்குப் பின்னால் இருப்பது தோட்டத்துக்கென்று போட்ட தனி போர்வெல். வீட்டுக்குப் பஞ்சாயத்துத் தண்ணீர். இந்தக் குழாயில் யாரும் வாய் வைப்பதில்லை, தொழுகைக்கு ஒளு செய்வதில்லை. குழாயின் கழுத்தில் வெள்ளையாகப் பொருக்கு. சிமென்ட் தரையில் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு. கருகின மல்லிகைக் குச்சிகள். கோடையில் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடுவதை மாமி திடீரென்று நிறுத்தியது நினைவு வந்தது.

வழிகிற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"மாமா, அந்தத் தண்ணி வேணாம்."

"ஏம்மா?"

ஒரு வருஷம் முழுக்க, முட்டி வலியோடு, குனிந்து குனிந்து கழுவியிருக்கிறார். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஈரமாக இருந்த என் விரலைப் பார்த்தார். பிறகு குழாயை முகத்தருகே தூக்கி உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து, உறிஞ்சினார்.

ஒரு கல் உப்பை நாக்கில் வைத்து எந்த அளத்து உப்பு என்று சொல்லக்கூடியவர். துப்பவில்லை. விழுங்கினார்.

ஷெட் வாசலில் நின்ற நிஷாத்தைப் பார்த்துக் கேட்டார். "உனக்குத் தெரியுமாடா?"

நிஷாத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன ஏன் கேக்குறீங்க?" என்றபடி மாமி வந்தார். "என் மல்லி கருகுனப்பவே எனக்குத் தெரியும். கடல் தண்ணி போருக்குள்ள வந்துடுச்சு. அவன் வந்து, அத்தா உப்புத் தண்ணில கழுவுறாரு, சொல்லிடட்டுமான்னு கேட்டான். நான்தான் சொல்லாதன்னேன்."

"ஏன் சைத்தூன்?" என்று மாமியைப் பேர் சொல்லிக் கேட்டார்.

"அது நனையக் கூடாதுன்னுதானே என் புள்ள நனைஞ்சான்" என்றார் மாமி. "கரையட்டும்னு விட்டேன். உங்க கையாலயே கரையட்டும்னு விட்டேன். அவனுக்கு அத வாங்க தைரியம் குடுத்தது நீங்கதானே."

மாமா குழாயைக் கீழே போட்டார். அது தரையில் நெளிந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் மூடவில்லை.

அப்போதுதான் தகரக் கூரையில் மழை மறுபடி விழுந்தது. மாமா அண்ணாந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு மஞ்ச வண்டியின் கதவைத் திறந்து ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். முன்பக்கம் வந்து பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ள ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?" என்றார் மாமி.

"நல்ல தண்ணி. கழுவட்டும்."

"அத்தா, மழ மேலதான் பெய்யும். அடியில ஏறாது" என்றான் நிஷாத்.

அவர் காதில் வாங்கவில்லை. நெஞ்சால் முட்டித் தள்ளினார். நான் போய் அவர் பக்கத்தில் கை வைத்தேன். வண்டி நகர்ந்தது, பின்சக்கரங்கள் வாசல்படியைத் தாண்டி இறங்கின. அதற்கு மேல் எங்கள் இரண்டு பேரால் முடியவில்லை.

"நிஷாத்" என்றார் மாமா. "கை குடுடா."

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். மாமி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

மஞ்ச வண்டி பாதி மழையிலும் பாதி ஷெட்டிலுமாக நின்றது. நிஷாத் சட்டையையும் விடுவித்துக்கொள்ளவில்லை, பின்னாலும் போகவில்லை.